கேள்வி கேட்காத மேசை

கல்லூரி நூலகரின் வேலைநாள் நாளிதழ்களை அடுக்கி வைப்பதில் தொடங்குகிறது. முந்தைய நாள் மாலை மேசையில் கிடந்த புத்தகங்களை அவற்றின் இடத்துக்குத் திருப்ப வேண்டும். புதிதாக வந்தவற்றைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, முதுகில் சீட்டு ஒட்ட வேண்டும். பழைய வினாத்தாள் கேட்டு வருபவர், ‘ஷோத்கங்கா’ தளத்தில் ஆய்வேடு தேடுபவர், தவணை தாண்டிய புத்தகத்துக்கு அபராதம் கட்ட மறுப்பவர் என்று மேசைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு. காணாமல்போன புத்தகத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். தர மதிப்பீட்டுக்கான ‘நாக்’ குழு வருகிறது என்றால் ஐந்தாண்டுக் கணக்கைக் கோப்பாக்க வேண்டும். படிப்பு முடித்துப் போகும் ஒவ்வொரு மாணவரின் ‘நோ டியூ’ தாளிலும் நூலகர் கையெழுத்து இருக்க வேண்டும். பல கல்லூரிகளில் இத்தனையையும் ஒரு நூலகரும் ஓர் உதவியாளரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, இந்தப் பணிக்கு நூலக அறிவியலில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும் ‘நெட்’ போன்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். தொடக்க ஊதிய நிலை உதவிப் பேராசிரியருக்கு உரியதே. நடைமுறையில் அது அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவி பெறும் பணியிடத்துக்கும் பொருந்துகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் பலருக்குக் கிடைப்பது தொகுப்பூதியமும், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய நியமனமும்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் தோல் தொழில் பகுதியில் நூலகருக்கு வேலை தரும் கல்லூரிகள் நிறைய உண்டு. வேலூர் ஊரிஸ் கல்லூரி 1898இல் தோன்றியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தொடங்கப்பட்டன. தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தில் ஒரு பங்கு கல்விக்கூடங்களாக மாறிய ஊர்கள் இவை. இங்கே படிக்க வருபவர்களில் பலர் ஷூ கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி வாசலைப் பார்ப்பவர்கள். வீட்டுமொழி தமிழாகவோ உருதுவாகவோ தெலுங்காகவோ இருக்கும். பாடப்புத்தகம் தவிர்த்த ஒரு புத்தகத்தை இவர்கள் முதன்முதலாகக் கையில் எடுக்கும் இடம், பெரும்பாலும் கல்லூரி நூலகம்தான்.

எந்தத் தொழிலிலும் இருப்பதுபோல நூலகர்களிலும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், இருபாலீர்ப்பு கொண்டவர்கள், திருநர் உண்டு. இவர்களைச் சேர்த்துக் குறிக்கத் தமிழில் இன்று ‘பால்புதுமையர்’ என்ற சொல் புழங்குகிறது. பால்புதுமையரான நூலகரின் அன்றாட வேலையும் மேலே சொன்ன அதே வேலைதான். இரண்டு இடங்களில் மட்டும் அது வேறாகிறது. தன்னைப் போன்றவர்களைப் பற்றிய புத்தகத்துக்கு எந்த எண், எந்தச் சொல் என்று அவரே முடிவு செய்ய வேண்டியிருப்பது ஒன்று. வாசகருக்கு அவர் கொடுக்கும் மரியாதை, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அவருக்குக் கிடைக்காமல்போவது மற்றொன்று.

மறக்கத் தெரிந்த அட்டை

நூலகத் தொழிலின் அறநெறியை வகுத்தவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும், நூலகம் வளரும் உயிரி. இந்த ஐந்தில் எதுவும் ‘இந்தப் புத்தகம் உனக்கு எதற்கு?’ என்று கேட்கும் உரிமையை நூலகருக்குத் தரவில்லை. கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும், கேட்டவர் யார் என்பதை மற்றவரிடம் சொல்லாமல் இருப்பதும் இந்த வேலையின் அடிப்படை.

இதற்கு நடைமுறையில் துணைநின்றது ஒரு பழைய ஏற்பாடு. இந்திய நூலகங்களில் நெடுங்காலம் இருந்த ‘பிரௌன்’ முறையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு வாசகருக்கும் பை போன்ற சீட்டுகள். புத்தகம் வெளியே போகும்போது அதன் அட்டை வாசகரின் சீட்டுக்குள் செருகப்படும். திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்கும் சீட்டு வாசகருக்கும் போய்ச் சேரும். யார் எதைப் படித்தார் என்ற தடயம் அதோடு முடிந்தது. சில நூலகங்களில் புத்தக அட்டையிலேயே பெயரோ உறுப்பினர் எண்ணோ எழுதும் வழக்கம் இருந்தது. அங்கே அடுத்து எடுப்பவருக்கு முன்பு எடுத்தவர் யாரென்று தெரிந்துவிடும்.

கணினி வந்தபின் மறதி குறைந்தது. நியூசிலாந்தின் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக 1999இல் எழுதப்பட்டு, இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் ‘கோஹா’ மென்பொருள் இந்தியக் கல்லூரிகளிலும் பரவலாக இருக்கிறது. ஒரு மாணவர் சேர்ந்த நாளிலிருந்து எடுத்த புத்தகம் அத்தனையையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். திருப்பிய புத்தகத்தின் கடன் வரலாற்றிலிருந்து பெயரை நீக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின், நடைமுறையில் நூலகரின், முடிவு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், ஒரு மாணவியின் கடன் பட்டியல் வகுப்பாசிரியர் வழியாக வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைப் பால்புதுமையரான நூலகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த அக்கறை அவருக்கு மட்டும் உரியதல்ல. தொழிலின் கடமையே அதுதான்.

எண்ணும் சொல்லும்

ஒரு புத்தகம் எந்த அடுக்கில் நிற்கிறது என்பதும் ஒரு கருத்துதான். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்ம வகைப்பாட்டையே இந்தியக் கல்லூரிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அதன் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தன்பாலீர்ப்புக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. கிடைத்த இடம் பிறழ்வு உளவியல். பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறி, இன்று சமூகவியலில் 306.76 என்ற எண்ணில், பாலீர்ப்பு என்ற பொதுத் தலைப்பின் கீழ் நிற்கிறது, தன்பாலீர்ப்புக்கு 306.766, திருநருக்கு 306.768. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள்தலைப்புப் பட்டியலோ 1970களின் தொடக்கம் வரை தன்பாலீர்ப்பைத் தேடியவரைப் பாலியல் பிறழ்வு என்ற தலைப்புக்கும் கைகாட்டியது.

எண் மாறியது, அறிவு மாறியதால். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று அதையே செய்தது. ஆனால் நூலக அடுக்கு தானாக மாறாது. பழைய எண்ணோடு வந்த புத்தகம், யாராவது சீட்டைக் கிழித்துப் புதிது ஒட்டும்வரை மனநோய் வரிசையிலேயே நிற்கும். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வரும் பதினெட்டு வயது மாணவர் நோய்களுக்கான 616க்குப் போய் நிற்பதற்கும் 306க்குப் போய் நிற்பதற்கும் உள்ள தூரம் நான்கைந்து அலமாரிதான். பொருளில் அது மிகப் பெரிய தூரம்.

வேலூர் மருத்துவக் கல்விக்குப் பெயர்பெற்ற நகரம் என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. தன்பாலீர்ப்பைக் குற்றமாகவும் குறைபாடாகவும் எழுதிய மருத்துவப் பாடநூல்களைத் திருத்தும்படி தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் அறிவுறுத்தியது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட பாடத்திட்டத்தில் தன்பால் உறவு மீண்டும் இயற்கைக்கு மாறான குற்றமாகத் தலைகாட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. எந்தப் பதிப்பு அடுக்கில் இருக்க வேண்டும், எதை வரலாற்று ஆவணமாகத் தனியே வைக்க வேண்டும் என்று பார்ப்பது மருத்துவ நூலகரின் பொறுப்பு.

தமிழில் சிக்கல் எண்ணைவிடச் சொல்லில் கூடுதல். பேச்சுத் தமிழில் வசைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எந்த நூற்பட்டியலிலும் ஏற்ற முடியாது. ‘திருநங்கை’ என்ற சொல் அரசு ஆதரவோடு ஊன்றியது. 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தபின் அது பத்திரிகைச் சொல்லாகவும் ஆனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கைத் தொடர்ந்து, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பால், பாலினம் சார்ந்த தமிழ்ச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆக, நூலகருக்கு இன்று கையில் சொல் இருக்கிறது. அதை நூற்பட்டியலில் ஏற்றுவதுதான் மிச்சம்: தேடுபவர் பழைய சொல்லில் தேடினாலும் புதிய சொல்லுக்குக் கொண்டுசேர்க்கும் ‘காண்க’ குறிப்புகளோடு.

ஏற்றுவதற்குப் புத்தகங்களும் உண்டு. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவல் 1990களிலேயே வந்துவிட்டது. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’, ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’ ஆகியவை 2000க்குப் பின் வரிசையாக வந்தன. பிரியா பாபு மதுரையில் திருநங்கையர் தொடர்பான நூல்களையும் ஆவணங்களையும் திரட்டி ஒரு மையமே நடத்துகிறார். பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளியில் பால்புதுமையருக்கான ‘கம்ரா’ ஆவணக்காப்பகம் இருக்கிறது. ஒரு கல்லூரி நூலகர் கேட்டு வாங்க நினைத்தால், வழிகாட்ட ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

மேசைக்கு இந்தப் பக்கம்

வாசகரிடம் நூலகர் கேட்கக் கூடாத கேள்விகள் நூலகரிடம் நாள்தோறும் கேட்கப்படுகின்றன. ‘இன்னும் கல்யாணம் ஆகலையா சார்?’ என்பது ஆசிரியர் அறையில் விசாரிப்பு. சில ஆண்டு கழித்து அது கேலி. இன்னும் சில ஆண்டு கழித்துச் சந்தேகம். வாடகை வீட்டில் உடன் இருப்பவர் யார் என்பதற்கு உறவுமுறை ஒன்றைக் கற்பித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் காட்பாடியும் சென்னை–பெங்களூரு ரயில் பாதையில் இருப்பதால் விடுமுறை நாளுக்குப் பெருநகரம் எட்டும் தூரம்தான். வானவில் பேரணி பெங்களூரில் 2008 முதலும் சென்னையில் 2009 முதலும் நடக்கிறது. திங்கட்கிழமை காலை கம்பெனிப் பேருந்துகளோடு சேர்ந்து ஊருக்குள் வரும்போது, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சு எடுக்காமல் இருக்கக் கற்றிருக்க வேண்டும்.

அலுவலகத் தாள்களிலும் இதே நிலைதான். பணிப்பதிவேட்டில் குடும்ப விவரம், சேமநல நிதியில் வாரிசுப் பெயர், பணிக்கொடைப் படிவம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்ற கட்டங்களையே நிரப்பச் சொல்கின்றன. ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க இயலாது என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த துணைக்கும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. இணை வங்கிக் கணக்கு தொடங்கவும் அதில் துணையை நியமனதாரராக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை தெளிவுபடுத்தியது ஒரு சிறு ஆறுதல்.

குடும்பத்தின் அழுத்தம் இந்தப் பகுதியில் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகச் சேர்த்த ஓர் ஆட்கொணர்வு மனுவில் 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் இணையான பெண்ணை அவருடைய பெற்றோர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பெண் தொடுத்த மனு அது. 25 வயதான அந்தப் பெண், தான் அடிக்கப்பட்டதையும், தன்னை ‘மாற்றுவதற்காக’ச் சடங்குகள் நடத்தப்பட்டதையும் நீதிபதிகளிடம் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விடுவித்தது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறியது. தேவைப்படும்போது காவல் துறை பாதுகாப்புத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ‘க்வியர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாள நீதிபதிகள் தயங்கியது இந்தத் தீர்ப்பின் இன்னொரு செய்தி. அகராதி அதற்கு விசித்திரம் என்று பொருள் சொல்கிறது. ஒருவருக்கு இயல்பாக இருப்பதை ஏன் அப்படி அழைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆங்கிலத்தில் அது வசையாக இருந்து மீட்டெடுக்கப்பட்ட சொல். தமிழின் ‘பால்புதுமையர்’ அப்படி ஒரு பழைய காயத்தோடு பிறக்கவில்லை.

வேலை போன இருவர்

நூலகர் வேலையைத் தன்பாலீர்ப்பு என்ற காரணத்துக்காகவே இழந்தவர் அமெரிக்காவின் மைக்கேல் மெக்கானல். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வளாக நூலகம் ஒன்றில் நூற்பட்டியல் பிரிவுக்குத் தலைமை ஏற்க 1970இல் அவருக்கு அழைப்பு வந்தது. அந்த மே மாதம் அவரும் ஜாக் பேக்கரும் திருமண உரிமம் கேட்டு விண்ணப்பித்தார்கள். செய்தி வெளியானதும் பல்கலைக்கழகம் நியமனத்தை மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1971இல் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. ஹென்னபின் மாவட்டப் பொது நூலகம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே அவர் சுமார் 37 ஆண்டுகள் பணியாற்றினார். பல்கலைக்கழகம் 2012இல் வருத்தம் தெரிவித்தது. அவர் வேலை மறுக்கப்பட்ட அதே 1970இல்தான் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் தன்பாலீர்ப்பினருக்கான குழு அமைந்தது. ஒரு தொழில்முறைச் சங்கத்துக்குள் அமைந்த இத்தகைய முதல் குழு அதுவே.

இந்தியாவில் நினைவுகூர வேண்டியவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ். 2010 பிப்ரவரியில் அவருடைய குடியிருப்புக்குள் கேமராவோடு நுழைந்து, அவர் ஓர் ஆணுடன் இருந்ததைப் படம்பிடித்தார்கள். பல்கலைக்கழகம் நுழைந்தவர்களை விட்டுவிட்டு அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று அதற்குத் தடை விதித்தது. ஒரு வாரத்துக்குள் அவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார். தன்பால் உறவு குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையிலேயே சொல்லிவிட்டிருந்தது. குற்றப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது வேறு, வேலையைக் காப்பது வேறு என்பதை அவருடைய கதை காட்டியது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாகத் தன்பால் உறவைக் குற்றமற்றதாக்கி, பாலின அடிப்படையிலான பாகுபாட்டுக்கு எதிரான அரசமைப்பின் 15ஆம் கூறு பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என்று விளக்கியது. அரசுக் கல்லூரி நூலகர் இதைக் காட்டி வழக்குத் தொடுக்கலாம். தனியார் கல்லூரி நூலகருக்கு அந்த வழி எளிதல்ல. பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவதைத் தனியார் துறையில் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. நியமனத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும், காரணம் எழுத வேண்டிய தேவையும் இல்லை. திருநர் நிலை சற்று மேல். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. புகாரை விசாரிக்க ஓர் அலுவலரை நியமிக்கவும் சொல்கிறது.

செய்யக் கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில இருக்கின்றன. கல்லூரியின் பணிவிதிகளில் சாதி, மதம், பால் என்ற வரிசையில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க ஓர் ஆட்சிக்குழுத் தீர்மானம் போதும். பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகள் ஆண் மாணவர்களுக்கும் மூன்றாம் பாலின மாணவர்களுக்கும் நேரும் கொடுமையைக் கணக்கில் எடுக்கின்றன. உள்ளகப் புகார்க் குழு இதை அறிந்திருக்க வேண்டும். கேலியும் மிரட்டலும் ஊழியருக்கு நேர்ந்தாலும் கேட்க வேண்டும். நூலகத்தில் கடன் வரலாற்றை அழிப்பது, பழைய எண்சீட்டுகளை மாற்றுவது, தமிழ்ச் சொற்களை நூற்பட்டியலில் ஏற்றுவது ஆகிய மூன்றும் ஒரு கோடை விடுமுறைக்குள் முடிகிற வேலை.

இவற்றைச் செய்வதற்கு எந்த நூலகரும் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. அரங்கநாதனின் பிறந்தநாளான ஆகஸ்ட் 12ஐ நூலகர் நாள் என்று கொண்டாடி, கல்லூரிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். வாசகரைக் கேள்வி கேட்காமல் புத்தகம் கொடுக்கச் சொன்னது அவர் வகுத்த தொழில்நெறி. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரையும் கேள்வி கேட்காமல் வேலை செய்யவிட வேண்டியது கல்லூரி நிர்வாகங்களின் பொறுப்பு.